மோன்ஸ் கிளிண்ட்: சரியும் வெள்ளைப் பாறைக்குக் கீழே அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

நெய்தல்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கோபன்ஹேகனுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். வயது 67, முழங்கால் வலி உண்டு. சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் கஷ்டம். மகனுக்கு 9 வயது. ஒரு இடத்தில் நிற்க மாட்டான். பள்ளியில் மோன் தீவைப் பற்றிச் சொல்லிக் கொடுத்ததிலிருந்து ஒரே பிடிவாதம், கல்லாகிப்போன கடல் பிராணிகளைத் தன் கையாலேயே பொறுக்க வேண்டுமாம்.

அந்தத் தீவின் கடலோரத்தில் இருக்கும் மோன்ஸ் கிளிண்ட் என்ற வெள்ளைப் பாறை அவ்வப்போது சரிந்து விழும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அதிலிருந்துதான் எனக்குத் தயக்கம். விழுகிற பாறைக்குக் கீழே பிள்ளையைக் கூட்டிப் போவது சரியா? எந்த மாதம் நல்லது? அம்மாவுக்கு அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா, இல்லை மனைவியோடு வீட்டில் விட்டுவிட்டு நானும் மகனும் மட்டும் போவதா? அப்புறம், கடல் ஏற்றம் இறக்கம் பார்த்துத்தான் கரைக்கு இறங்க வேண்டுமா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


சைக்கிள்பயணி:

மே நடுவில் போங்கள். மேலே இருக்கும் பீச் மரக் காடு அப்போதுதான் தளிர்விட்டிருக்கும். அந்த இளம்பச்சை, கீழே வெள்ளைப் பாறை, அதற்கும் கீழே வெளிர்நீலக் கடல், மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பது அந்தச் சில வாரங்களில்தான். பாறை கிழக்குப் பார்த்தது. அதனால் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானத்துக்கு மேல் கரையில் நிழல் விழுந்து வெள்ளை மங்கிவிடும். கார் இல்லையென்றால் ரயிலில் வோர்டிங்போர் என்ற ஊர்வரை, அங்கிருந்து பஸ்ஸில் மோன் தீவின் ஸ்டேய என்ற ஊர்வரை. அதற்கப்பால் பாறைவரை போகும் பஸ் எல்லா மாதமும் ஒரே மாதிரி ஓடாது, முதல் நாளே பார்த்து வையுங்கள்.


கரையோரக்காரி:

தம்பி, அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

நான் இந்த நாட்டுக்கு வந்து 30 வருடத்துக்கு மேலாகிறது. வந்த இரண்டாம் வருடம் முதன்முதலில் மோனுக்குப் போனேன். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது போகாவிட்டால் எனக்கு அந்த வருடம் முடிந்த மாதிரி இராது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தக் கரையில்தான் வளர்ந்தார்கள் என்றே சொல்லலாம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

உங்கள் அலுவலக நண்பர் சொன்னது உண்மைதான். அந்தப் பாறை விழுகிற பாறை. கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் நீளம், ட்ரொனிங்கஸ்டோலன் என்கிற அரசியின் ஆசனத்தில் 128 மீட்டர் உயரம். பார்த்தால் மலை மாதிரி இருக்கும், கையால் தொட்டால் வெண்கட்டி. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுவோமே, அதே மாதிரி விரலில் ஒட்டும், நகத்தால் கீறலாம். ஏறத்தாழ 7 கோடி வருடங்களுக்கு முன்பு இந்த இடமெல்லாம் கடலடியாக இருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் சுண்ணாம்பு ஓடுகள் படிந்து படிந்து ஆனது அது. பிறகு கடைசிப் பனியுகத்தில் பெரிய பனிப்பாளம் வந்து, அந்தப் படிவைத் தகடு தகடாகப் பிளந்து நிமிர்த்தி அடுக்கிவிட்டது. கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள், வெள்ளைக்குள் கறுப்புக் கோடுகள் ஓடும். அவை சிக்கிமுக்கிக் கல் வரிசைகள். முதலில் படுக்கையாக இருந்த கோடுகள் இப்போது வளைந்து, மடிந்து, சில இடத்தில் செங்குத்தாக நிற்கும். உங்கள் மகனுக்கு அதைக் காட்டுங்கள். பனி தள்ளிய பக்கத்தைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அது ஏன் விழுகிறது என்று தெரிந்தால் எப்போது போகக்கூடாது என்பது தானாகவே விளங்கும். வெண்கட்டி தண்ணீரைக் குடிக்கும். மாரியில், அதாவது குளிர்காலத்தில், குடித்த தண்ணீர் உள்ளே உறைந்து பருத்து வெடிப்பை அகலமாக்கும். உறைந்திருக்கும் வரைக்கும் பனிக்கட்டியே பசை மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கும். வெயில் வந்து உருகும்போதுதான் பிடி விடும். தகடுகளுக்கு நடுவில் களிமண்ணும் இருக்கிறது, பெருமழை பெய்தால் அது வழுக்கும். கீழே கடல் அடிவாரத்தை அரித்துக்கொண்டே இருக்கும். பெரிய சரிவுகள் நடந்த நாட்களைப் பாருங்கள். சொமர்ஸ்பீரெட் என்று 100 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு கூர்முனை இருந்தது, படத்திலெல்லாம் அதுதான் வரும். அது 1988 ஜனவரியில் விழுந்தது. ஸ்டோர டேலர் பக்கத்துப் பெரும் சரிவு 2007 ஜனவரியில். அது விழுந்து கடலுக்குள் ஒரு முனையாகவே நீண்டு கிடந்தது. அந்த வருடம் நான் போனபோது மரங்கள் வேரோடும் இலைச்சருகோடும் அந்த வெள்ளைக் குவியலில் சாய்ந்து நின்றன, சுற்றிக் கடல் பால் மாதிரி. அடுத்தடுத்த வருடங்களில் அலை அதைக் கரைத்துக் கரைத்துச் சின்னதாக்கிவிட்டது.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகள் அப்போது ஆறு வயது. மார்ச் தொடக்கம். ஒரு வாரமாகச் சரியான குளிர், அன்றைக்கு மட்டும் வெயில் எறித்தது. வானம் நீலம், காற்றே இல்லை. இதைவிட நல்ல நாள் வராது என்று கிளம்பிவிட்டோம். படிக்கட்டுத் தலைப்பில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. வாசித்தேன். வாசித்துவிட்டு இறங்கினேன். கரையில் வெயில் பட்டு வெண்கட்டிச் சுவர் இளஞ்சூடாக இருந்தது, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நானும் மகளும் இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவளுடைய கறுப்பு மேற்சட்டையில் வெள்ளைத் துகள் விழுந்திருந்தது. தட்டிவிட்டேன். திரும்பவும் விழுந்தது. பிறகு ஒரு சத்தம், அரிசியைச் சுளகில் போட்டுப் புடைக்கிற மாதிரி, மேலேயிருந்து. என் கணவர்தான் முதலில் கவனித்தார். ஒன்றும் கதைக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தார், நான் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பின்னால் போனேன். ஐந்து நிமிடம் இருக்கும். ஒரு ட்ராக்டர் பெட்டி அளவுக்கு வெண்கட்டி அப்படியே இறங்கி நாங்கள் இருந்த இடத்தில் குந்தியது. இடி மாதிரிச் சத்தமெல்லாம் இல்லை. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு பொத்தென்ற சத்தம், அதன்பிறகு நெடுநேரம் சிறு கற்கள் உருளும் சத்தம் மட்டும். எங்கள் தண்ணீர்ப் போத்தல் இன்றைக்கும் அதற்குள்தான் கிடக்கிறது.

அந்த நாளுக்குப் பிறகு நான் போகாமல் இருக்கவில்லை. போகிற மாதத்தையும் நடக்கிற இடத்தையும் மாற்றிக்கொண்டேன். மாரியிலும், பனி உருகும் மார்ச் வரைக்கும், பெருமழை பெய்த அடுத்த சில நாட்களிலும் கரைக்கு இறங்குவதில்லை. அப்போது போனால் மேலே காட்டுக்குள் மட்டும். கரையில் நடக்கும்போது பாறை ஓரமாக நடப்பதில்லை, தண்ணீர் ஓரமாகத்தான். உட்காருவதானாலும் அங்கேதான். சுவரில் பளிச்சென்ற வெள்ளைத் திட்டும், அதற்குக் கீழே புதுக் குவியலும் தெரிந்தால் அந்த இடத்தைக் கெதியாகக் கடந்துவிடுவேன். பழைய முகம் சாம்பல் பூத்து, பச்சை படிந்து இருக்கும். புதிதாக விழுந்த இடம் கண்ணைக் கூச வைக்கும். பழகினால் தூரத்திலேயே தெரியும். துகள் விழுந்தாலோ அந்தப் புடைக்கும் சத்தம் கேட்டாலோ நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, உடனே தண்ணீர்ப் பக்கம்.

மேலேயும் கவனம் தேவை. விளிம்பில் நிறைய இடத்தில் வேலி கிடையாது. புல்லும் வேரும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அடியில் ஒன்றுமே இராது. படம் எடுப்பதற்காக அதில் போய் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். மகனின் கையை அங்கே விடாதீர்கள்.

கடல் ஏற்ற இறக்கம் கேட்டீர்கள். பால்டிக் கடலில் அது இல்லையென்றே சொல்லலாம், அட்டவணை பார்க்கத் தேவையில்லை. இங்கே பார்க்க வேண்டியது காற்று. கிழக்குக் காற்று பலமாக அடித்தால் தண்ணீர் பாறையடி வரைக்கும் ஏறிவிடும், நடக்கிற கரை ஒடுங்கி நீங்கள் சுவரோடு ஒட்டி நடக்க வேண்டி வரும். அதுதான் கூடாத இடம். மேற்குக் காற்று நாளில் கரை அகலமாகக் கிடக்கும், பாறையே காற்றை மறைத்துவிடும். நான் முதல்நாள் இரவு பார்ப்பது மழையையும் காற்றின் திசையையும்தான்.

அம்மாவின் விஷயம். பாறைக்கு மேலே ஜியோசென்டர் என்ற நிலவியல் கண்காட்சி இருக்கிறது. அதன் பக்கத்திலிருந்து கரைக்கு இறங்கும் மரப்படிக்கட்டில் கிட்டத்தட்ட 500 படி. இறங்கும்போது பெரிதாகத் தெரியாது, ஏறும்போது 25 மாடி ஏறுகிற மாதிரி. அம்மாவுக்கு அது வேண்டாம். அவரைக் கிளிண்ட்ஹோல்ம் துறைமுகத்துக்குக் கூட்டிப் போங்கள். பருவகாலத்தில் அங்கிருந்து சுற்றுலாப் படகு பாறையின் முன்னால் போய்த் திரும்பும். உண்மையைச் சொன்னால் பாறை முழு வடிவோடு தெரிவது கடலிலிருந்துதான். கரையில் நிற்கிறவர்களுக்குக் கழுத்துத்தான் நோகும். என் மாமியை அப்படித்தான் கூட்டிப் போனேன். படகு திரும்பும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு லீஸலுண்ட் பூங்காவுக்குப் போகலாம். கூரை வேய்ந்த சின்ன மாளிகை, குளம், பழைய மரங்கள், அமைதியான இடம். அம்மா ஆறுதலாக நடக்கலாம்.

எழுதிக்கொண்டே போகிறேன். மகன் கல் பொறுக்குவதைப் பற்றி வேறு கேட்டால் சொல்கிறேன்.


நெய்தல்காரன்:

அக்கா, ரொம்ப நன்றி. உங்கள் மார்ச் மாதக் கதையை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். மே கடைசிக்கு முடிவு செய்திருக்கிறோம். படகு யோசனை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. கல் பொறுக்குவதைப் பற்றியும் சொல்லுங்கள். சுத்தியல் வாங்க வேண்டுமா? எடுத்தால் வீட்டுக்குக் கொண்டுவரலாமா?


வடகடல்:

நான் ஜெர்மனியில் வடக்குப் பக்கம் இருக்கிறேன். மோனுக்குத் தெற்கே கடலைத் தாண்டினால் எங்கள் ரூகன் தீவு, அங்கேயும் இதே வெண்கட்டிப் பாறைதான். அக்கா சொன்ன எல்லாவற்றையும் அப்படியே இங்கேயும் பார்த்திருக்கிறோம். விஸோவர் கிளிங்கன் என்ற பேர்பெற்ற கூர்முனைகள் 2005 பிப்ரவரியில் கடலில் விழுந்தன. 2011 டிசம்பரில் ஆர்கோனா முனைக்குக் கீழே கரையில் நடந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மேல் சரிந்து 10 வயதுச் சிறுமி இறந்துபோனாள். அது குளிர்காலம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாரியில் பாறையடிக்குப் போகும் பேச்சே கிடையாது. கோனிக்ஸ்டூல் முனையில் இப்போது 2023 முதல் பாறைக்கு மேலே அந்தரத்தில் தொங்கும் நடைபாதை போட்டிருக்கிறார்கள். பாரம் விளிம்பில் இறங்காது. முழங்கால் வலிக்காரர்களோடு ரூகன் வந்தால் அதில் போகலாம்.


கரையோரக்காரி:

வடகடல் தம்பி சொன்ன அந்தப் பிள்ளையின் செய்தியை நானும் அப்போது தொலைக்காட்சியில் பார்த்தேன். பல நாள் தேடினார்கள். அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

சுத்தியல் வேண்டாம் தம்பி. பாறைச் சுவரைக் கொத்தினால் உங்கள் தலையில்தான் விழும். தேவையானதெல்லாம் கடல் கழுவிக் கரையில் போட்டிருக்கும், தண்ணீர் ஓரக் கூழாங்கற்களுக்குள். அலை கொஞ்சம் அடித்துத் தணிந்த மறுநாள் காலை நல்லது. ஈரக் கல்லில் வடிவம் தெளிவாகத் தெரியும். மகனை ஒரு இடத்தில் குந்தியிருந்து ஒரு சதுர அடியைத் துழாவச் சொல்லுங்கள். நடந்துகொண்டே தேடினால் கிடைக்காது.

அதிகம் கிடைப்பது பெலம்னைட். விரல் நீளத்தில், பழுப்புத் தேன் நிறத்தில், பென்சில் முனை மாதிரிக் கூராக இருக்கும். கணவாய்க்குச் சொந்தக்காரப் பிராணி ஒன்றின் உடம்புக்குள் இருந்த முள். கணவாய் வெட்டும்போது உள்ளே கண்ணாடி மாதிரி ஒன்று வருமே, அம்மாவுக்குச் சொன்னால் உடனே விளங்கும். இங்கத்தைய ஆட்கள் அதற்கு வெட்டலூஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பூதத்தின் மெழுகுதிரி என்ற கருத்தில். அடுத்தது கல்லாகிப்போன கடல் முள்ளெலி. எலுமிச்சம்பழப் பாதி அளவு, மேலே புள்ளிபுள்ளியாக ஐந்து கதிர் நட்சத்திரம். முன்பெல்லாம் இடியோடு வானத்திலிருந்து விழுந்த கல் என்று நம்பி, வீட்டில் வைத்தால் மின்னல் தாக்காது என்று கூரைக்குள் வைப்பார்களாம். எனக்கு முதல் ஒன்று கிடைக்கப் பத்து வருடம் எடுத்தது. கிடைத்த அன்றைக்குக் காரில் வீடு வரும் வரைக்கும் கையில் பொத்திக்கொண்டே வந்தேன், சுடுகல் மாதிரிச் சூடாகிவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஆனால் அபூர்வமானது கிடைத்தால் அது டேனக்ரே, அரசுக்குரியது. 1990 முதல் சட்டம் அப்படி. ஒப்படைத்தால் சன்மானம் உண்டு. சந்தேகம் என்றால் ஜியோசென்டரில் காட்டுங்கள், அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். மகனுக்கு அந்தக் கண்காட்சியே அரைநாள் பிடிக்கும், அதனால் கரையை முதலில் முடியுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். நல்ல அடியுள்ள சப்பாத்து போடுங்கள். நனைந்த வெண்கட்டி சவர்க்காரம் மாதிரி வழுக்கும், உடைந்த சிக்கிமுக்கிக் கல் கத்தி மாதிரி வெட்டும். ஒரு படிக்கட்டால் இறங்கிக் கரையோரம் நடந்து அடுத்ததால் ஏற நினைத்தால், இரண்டாவது திறந்திருக்கிறதா என்று இறங்குவதற்கு முன்னாலேயே பாருங்கள். சரிவில் படிக்கட்டும் உடைவது உண்டு. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பிறகு கூட்டமும் கூடிவிட்டது, வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்றால் பத்து மணிக்கு முன்னால் நிற்க வேண்டும்.


நெய்தல்காரன்:

போய்விட்டு வந்தோம்! நேற்று இரவுதான் திரும்பினோம்.

மெல்லிய மேற்குக் காற்று, மூன்று நாளாக மழை இல்லை. காலை எட்டரைக்குக் கரையில் இருந்தோம். இறங்கும்போதே மகனிடம் சொல்லிவிட்டேன், தண்ணீர் ஓரம்தான் உன் இடம், சுவர்ப் பக்கம் போனால் உடனே மேலே ஏறிவிடுவோம் என்று. அவனே எங்களுக்குக் காவல்காரனாகிவிட்டான். நான் படம் எடுக்க நாலடி உள்ளே போனாலும் "அப்பா, தண்ணி பக்கம்!" என்று கத்துகிறான். ஒரு இடத்தில் நீங்கள் சொன்ன கூசும் வெள்ளை தெரிந்தது, நிற்காமல் கடந்துவிட்டோம். கறுப்புக் கோடுகள் மடிந்திருப்பதைக் காட்டியதும், பனி எந்தப் பக்கமிருந்து தள்ளியிருக்கும் என்று கையை வைத்து அவனே நடித்துக் காட்டினான்.

மத்தியானம் மனைவியும் அம்மாவும் எங்களோடு கிளிண்ட்ஹோல்மில் சேர்ந்துகொண்டார்கள். படகு பாறைக்கு நேரே வந்ததும் அம்மா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தூரத்தில் ஒரு புதுச் சரிவு விசிறி மாதிரி விரிந்து கிடந்தது. "யாரோ கோலமாவு மூட்டையை அவிழ்த்துக் கொட்டிட்டாங்கடா" என்றார். அதற்குப் பிறகு முழங்காலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மகனுக்குப் பெலம்னைட் ஏழு. கூடவே உருண்டையாக ஒரு சாம்பல் கல். மேலே புள்ளிகள் இருக்கின்றன, ஆனால் தேய்ந்திருக்கிறது. மூன்று கதிர்தான் எண்ண முடிகிறது. ஜியோசென்டர் மூடும் நேரமாகிவிட்டதால் காட்ட முடியவில்லை. முள்ளெலிதானா என்று எப்படி உறுதி செய்வது அக்கா? தூங்கும்போதும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.


கரையோரக்காரி:

வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது தம்பி. அம்மா சொன்னதை என் மாமிக்கு இப்போதுதான் போனில் சொன்னேன்.

கல்லை வெந்நீரில் போட்டுப் பழைய பல்தூரிகையால் மெதுவாகத் தேயுங்கள், வினிகர் வேண்டாம், சுண்ணாம்பு கரைந்துவிடும். பிறகு ஈரத்தோடு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், மற்ற இரண்டு கதிரும் தெரியவரலாம். திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். தட்டையாக இருந்து, ஒரு ஓரத்துக்குக் கிட்ட சின்னப் பள்ளம் ஒன்று இருந்தால் அது முள்ளெலிதான். அந்தப் பள்ளம் அதன் வாய்.